மூன்று கட்டங்களில் முகில்

அன்புள்ள தாரணி,

உடம்பு தேறிவிட்டதா? இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதே. அத்தை, மாமாவை விசாரித்ததாகச் சொல். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வைட்ஃபீல்டில் மழை விடவே இல்லை.

நேற்று ஆபீசில் ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வேலைதானே எனக்கு. வாக்கியத்தில் வரும் ஒவ்வொரு பேருக்கும் ‘இருக்கிறார்’, ‘இருந்தார்’, ‘கற்பனை’ என்ற மூன்று கட்டங்களில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். ஏதோ கதையிலிருந்து, ‘முகில் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை’ என்று வந்தது. ‘இருக்கிறார்’ என்று போட்டேன். தப்பென்று திரும்பி வந்தது. மறுபடியும் அதையே போட்டேன்.

டீம் லீட் சுப்ரியா கூப்பிட்டு, “பேர் இருந்தா ஆள் இருக்கணுமா சார்? முகில்னு யாரும் இல்ல, கற்பனைன்னு போடுங்க” என்றார்.

“இல்லைன்னு சொல்றதுக்கும் முகிலைத்தானே மேடம் சொல்ல வேண்டியிருக்கு?” என்றேன். சிரித்துக்கொண்டே அவரே மாற்றிவிட்டார்.

ஆணோ பெண்ணோ, எதுவானாலும் பொருந்தும் என்று நீ வைத்த பேர். ஆஸ்பத்திரிச் சீட்டில் பேருக்கு நேரே வெறும் கோடு போட்டிருந்தார்கள். அந்த மூன்று கட்டங்களில் நம் பிள்ளைக்கு எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பார்சலில் போர்வையும் கொஞ்சம் பருப்புப்பொடியும் அனுப்பு. இன்னொன்று. வளைகாப்பிலிருந்து என்னை ‘முகில் அப்பா’ என்றுதான் கூப்பிட்டாய். இப்போது போனில் ‘ஏங்க’ என்கிறாய். பதில் எழுதினால், பழையபடியே ஆரம்பி.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

பரத்