தரைக்குக் கீழே ஒரு சூரியன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் அங்கே உடம்பும் மனசும் நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இது போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான், ஆனால் போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பாள், என் கட்சி வெளியே வராது. அதனால் கடிதம்.

எங்கள் கட்டடத்துக்குப் புது நிர்வாகி வந்திருப்பதைச் சொன்னேன் அல்லவா, எதற்கெடுத்தாலும் புதுமை புதுமை என்பதால் அவருக்குப் புதுமை என்றே பெயர் வைத்துவிட்டோம். அவர் ஏதோ கூட்டத்துக்குப் போய்த் திரும்பிய கையோடு, இங்கே வேலை செய்யும் அத்தனை பேரும் கம்ப்யூட்டரைப் படம் வரைய வைக்கும் கோடிங் கற்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார். லிஃப்ட் பார்க்கும் நான், கேன்டீனில் இருக்கும் அம்மா, ஜன்னல் துடைப்பவர், காவலாளி, யாரும் பாக்கியில்லை. தேறாதவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அடியில் பொடி எழுத்தில். "நடுவுல நின்னுபோன லிஃப்ட்டு முக்கோணம் வரைஞ்சு காட்டினா கிளம்பிடுமா?" என்று காவலாளி கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், அவருக்கும் ஒப்பந்தம்தானே.

சொல்லிக்கொடுக்க உன் வயதில் ஒரு பெண் வந்தாள், நல்ல பொறுமைசாலி. வட்டம், செவ்வகம், முக்கோணம் என்று எழுதி, எங்கே, எவ்வளவு பெரிசு என்று எண் கொடுத்தால் கம்ப்யூட்டரே வரைந்துவிடுமாம். தினமும் இதையே பிழைப்பாக வைத்திருக்கும் உனக்குச் சிரிப்பாக இருக்கும். முதல் எண், இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பது, அது எனக்கே புரிந்தது. இரண்டாவது எண் கூடக்கூட உருவம் கீழே இறங்கும் என்றாள், அங்கேதான் வந்தது வினை. இத்தனை வருஷம் லிஃப்ட் பார்த்தவனிடம் எண் கூடினால் கீழே போகும் என்றால் எப்படி நம்புவான்? ஏழாவது மாடி என்ன முதல் மாடிக்குக் கீழேயா இருக்கிறது? பாவம், வாய் தவறிச் சொல்லிவிட்டாள், எல்லார் முன்னாலும் திருத்தினால் மனம் நோகும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். உன் அப்பாவின் பெருந்தன்மை எப்போதும் இப்படித்தான், தப்பான இடமாகப் பார்த்து வந்து உட்காரும்.

தேர்வில் ஆளுக்கொரு வீடு வரையச் சொன்னார்கள். எழுதிவிட்டுக் கை கட்டி உட்கார வேண்டும், படத்தை வரவழைக்கும் பொத்தானைப் புதுமைதான் அமுக்குவார், பெரிய திரையில். நான் சுவருக்கு ஒரு செவ்வகம், கூரைக்கு முக்கோணம், வானத்தில் சூரியன், வலது ஓரத்தில் ஒரு சின்ன வட்டமும் நாலைந்து கோடுகளுமாக நீ என்று ஆசை ஆசையாக எழுதிவைத்தேன். அமுக்கினார். கூரை கீழே குத்தி நிற்கிறது, அதன் தலைமேல் சுவர், சூரியன் பாதாளத்தில், நீ ஓரமாகத் தலைகீழாகத் தொங்குகிறாய். பின்வரிசையிலிருந்து அம்மா, "அடப் பாவி மனுஷா, புள்ளையைக் கவுத்துப் போட்டுட்டீங்களே" என்றது அறை முழுக்கக் கேட்டது.

ஒப்பந்தம் போயிற்று என்று நான் எழுந்தே விட்டேன். புதுமை கை தட்டுகிறார்! "வீடுன்னா நேராதான் நிக்கணுமா? யாருக்காவது தோணிச்சா?" என்று எல்லாரையும் கேட்கிறார். அடுத்தது அம்மா வரைந்த வீடு, கதவு, ஜன்னல், ஜன்னலுக்குத் திரைகூட, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். "நல்லா இருக்கும்மா, ஆனா எல்லாரும் பாத்த வீடு" என்று சொல்லி, தேறவில்லை என்று போட்டுவிட்டார். நேராக வரைந்த அத்தனை பேருக்கும் அதே கதி.

எனக்கு மனசு கேட்கவில்லை, அவர் அறைக்கே போய், சார், அது புதுமையும் இல்லை ஒன்றும் இல்லை, தெரியாமல் செய்த தப்பு என்று சொன்னேன். "பாத்தீங்களா, இந்த அடக்கம்! தேறாதவங்களுக்கு இனி நீங்கதான் வாத்தியார்" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார். ஆக, உன் அம்மா என் மாணவி. மறுதேர்விலும் தேறாமல் போனால் கேன்டீன் வேலை இல்லை. அந்தக் கல்லாவும் அங்கே அவள் சிநேகிதிகளின் அரட்டையும் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியும். நான் பயந்துபோய், பேசாமல் நீயும் கவிழ்த்து வரைந்துவிடு என்றேன். "நான் ஏன் என் வீட்டைக் கவுக்கணும்? வேலை போனாப் போகட்டும்" என்றாள், அதோடு பேச்சு நின்றது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும், "வாத்தியாரே, உப்பு மேல் தட்டுலயா கீழ்த் தட்டுலயா?" என்று ஒரு கேள்வி.

மறுதேர்வில் வீடுகளை முன்கூடத்தில் மாட்டப்போவதாகச் சொல்லி, காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொன்னார்கள். அம்மா அதே வீட்டை, ஒரு எண்கூட மாற்றாமல் அச்செடுத்தாள். முறை வந்ததும் காகிதத்தைத் தலைகீழாக நீட்டினாள், அவ்வளவுதான். புதுமைக்குக் கண் கலங்கிவிட்டது. "வாத்தியார் கை பட்டதும் என்ன ஒரு மாற்றம்!" என்று என் கையைக் குலுக்குகிறார். ஜன்னல் துடைப்பவர் பார்த்தார், காவலாளி பார்த்தார், எல்லாரும் அப்படியே நீட்டினார்கள், எல்லாரும் தேறிவிட்டார்கள். முன்கூடத்தில் இப்போது வருகிறவர்கள் எல்லாம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அம்மா என்னிடம் மறுபடி பேசத் தொடங்கிவிட்டாள், அதில் பாதி இந்த விஷயம்தான்.

நீ நாள் முழுக்கத் திரையையே பார்க்காதே, நடுவில் எழுந்து நட, நேரத்துக்குச் சாப்பிடு. மேலே இருக்கிறவர் கை தட்டினால் எதற்குத் தட்டுகிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள். எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. விடுமுறை கேட்கிறேன் என்று போன மாதமே சொன்னாய், மறக்காமல் கேள்.

நான் வரைந்த படத்தையும் அச்செடுத்து வந்து அம்மா நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள், தலைகீழாக. அதனால் வீடு நேராக நிற்கிறது, சூரியன் மேலே. திருப்பியதில் வலது ஓரத்தில் இருந்த நீ இடது ஓரத்துக்கு வந்துவிட்டாய். அது வாசல் கதவுப் பக்கம். சாயங்காலம் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போதெல்லாம், நீயும் இப்போதுதான் உள்ளே வந்த மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
தப்பாக வரைந்து வாத்தியாரான
உன் அப்பா