நாகரத்தினத்தின் வலது கை

ஆரம்பாக்கம்
12.3.2025

மாமாவுக்கு உங்கள் மனைவி கல்பனா எழுதுவது. அத்தையும் நானும் நலம். பாரிஸில் குளிர் விட்டதா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

போன் செய்தால் நீங்கள் ஒத்திகையில் இருக்கிறீர்கள், இல்லையென்றால் ரயிலில். அந்த அவசரத்தில் எனக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடுகிறது. அதனால் உங்களுக்கு அனுப்பும் பொம்மைப் பெட்டியிலேயே இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

டிவியில் நம் நாகரத்தினம் பொம்மை நிகழ்ச்சி நின்றதிலிருந்து கும்மிடிப்பூண்டி மெத்தை கம்பெனிக்குப் போய்வருகிறேன். நாள் முழுக்க நின்றபடி ஸ்பாஞ்ச் அறுக்கும் வேலை. மூக்கில் ஏறுகிற தூள் குளித்தாலும் போவதில்லை. கூட வேலை செய்யும் ஈஸ்வரி, சூப்பர்வைசரிடம் கேட்டுக் கழிவுத் துண்டுகளை வாங்கித் தந்தாள். இந்த ஆறு பொம்மைகளும் அதில் செய்தவைதான்.

அமாவாசைக்கு அத்தையைத் திருவள்ளூர் கூட்டிப்போனேன். கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தோம். அத்தை முட்டிவலிக்காக வேண்டிக்கொண்டார். நான் எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. வழியில் நம் கேமராமேன் பீட்டரைப் பார்த்தேன். மணவாள நகரில் கல்யாண வீடியோ எடுக்கிறாராம். நாகரத்தினம் எப்ப வரும் என்று கேட்டார். தெரியல என்றேன்.

நீங்கள் அனுப்பிய பாரிஸ் நிகழ்ச்சியின் முதல் பகுதியைப் பார்த்தோம். நாஷ்டா கடை நாகரத்தினம் அங்கே ரொட்டிக் கடைக்காரி ஆகிவிட்டாள். இட்லிக் குண்டான் இருந்த இடத்தில் பெரிய அடுப்பு. விருந்தாளி, பாட்டு, போலீஸ்காரர் நாடகம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உங்கள் குரல் பிரெஞ்சிலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. இங்கே அவள் வந்தவனை வாய் கிழியத் திட்டிக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு இட்லி வைப்பாள். ஜனங்கள் சிரித்ததே அதற்குத்தான். அங்கே அவள் சும்மா திட்டுகிறாள்.

கடைசியில் ஒரு ரொட்டியை இடது கையால் எடுத்துக் கொடுத்தாள். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, எடது கையில குடுத்தா யார்னா வாங்கித் துன்னுவாங்களா" என்று எழுந்து போய்விட்டார்.

உங்கள் வலது கை அவள் தலைக்குள் இருக்கிறது, மிச்சம் இடது கைதானே. சோறு போடுகிறவள் இடது கையால் போடக் கூடாது என்று முதல் நாளே என்னை மேசைக்கு அடியில் உட்கார வைத்தது நீங்கள்தான். ஆறு வருடம் அவளுடைய வலது கை நான். என் கன்னம் உங்கள் தோளில் இருக்கும். நீங்கள் மூச்சு இழுப்பதை வைத்தே அடுத்த வசனம் வரப்போவது எனக்குத் தெரியும். அதற்குள் கரண்டியை எடுத்திருப்பேன்.

ஒரு பொம்மைக்கு ஓர் ஆள் போதும், இரண்டு பேர் எதற்கு என்று அங்கே உள்ள தயாரிப்பாளர் அம்மா கேட்டதாகப் போன தீபாவளிக்குச் சொன்னீர்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஆறு பொம்மைகளின் வலது கையிலும் ஸ்பாஞ்ச் அடைத்து இடுப்போடு தைத்து அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். இந்த மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதையும் அதே வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபம்தான். ஆனால் வேலை முடிந்து வந்தால் கோபப்படக்கூடத் தெம்பு இருப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஐந்தைத் தைத்துவிட்டேன். கோணல் இல்லை, நீங்களே பார்க்கலாம். ஆறாவதன் கையைத் தைக்கவில்லை. இரண்டு தடவை ஊசி கோத்தேன், மனசு வரவில்லை. என் பழைய கையுறையை அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால், தைக்கிறவள் களைப்பில் மறந்துவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதீர்கள். பெருமாள் உங்களை நல்லபடி வைத்திருக்கட்டும். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். அந்த ஆறாவது பொம்மையின் கைக்குள் மட்டும் வேறு யாரையும் கை நுழைக்க விடாதீர்கள்.

உங்கள்
கல்பனா