வேட்டிகளுக்கு நடுவே ஒரு சேலை

மாமா,

இன்று காலை உங்கள் மகன் பீரோ சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்வாசல் பக்கம் போய்விட்டார். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. வேட்டிகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தோம். கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசமும் திருநீற்று வாசமும் சேர்ந்து வந்தன. எட்டாக மடித்த வேட்டிகள், ஓரம் பிசகாமல். கீழிருந்து நான்காவது மட்டும் வேட்டி இல்லை. காப்பித்தூள் நிறத்தில் என் பழைய பருத்திச் சேலை. அதையும் தேய்த்து, வேட்டியைப் போலவே எட்டாக மடித்திருந்தீர்கள்.

ஆறு வருடத்துக்கு முன், காற்றில் பறந்துவிட்டது என்று நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்த சேலை அது.

இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து நீங்கள் என்னிடம் நேராகப் பேசியது குறைவு. அத்தை முன்பே காலமாகிவிட்டதால் நடுவில் நின்று சொல்லவும் ஆள் இல்லை. நான் எதிரில் நிற்கும்போதே, "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்று மகனிடம் சொல்வீர்கள். கொடியில் என் துணி காய்ந்தால் பின்வாசலுக்கே வரமாட்டீர்கள். நான் எடுத்து மடித்த பிறகுதான் வாழைக்குத் தண்ணீர் விடப் போவீர்கள். முதலில் இதை விலகல் என்று நினைத்தேன். மரியாதை என்று புரியக் கொஞ்ச காலம் ஆனது.

பாப்பாவுக்கு அப்போது ஐந்தரை மாதம். என்னைத் தவிர யாரிடமும் பால் குடிக்க மாட்டாள். பீய்ச்சி வைத்த பாலைப் புட்டியில் கொடுத்தால் துப்பினாள். சங்கு போன்ற பாலாடையைக் கண்டால் வாயை இறுக்கிக்கொண்டாள். பத்து நாளில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம்; இனியும் விடுப்புக் கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். கை முறிந்து வாசுதேவநல்லூரில் இருந்த என் அம்மா, "வேலை எங்கட்டி ஓடிப்போகுது? பிள்ளையப் பாரு" என்றாள். நான் மனத்துக்குள் ராஜினாமாக் கடிதத்தை எழுதி முடித்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோவையிலிருந்து உங்கள் தம்பி குடும்பம் குற்றாலச் சீசனுக்கு வந்து, ஐந்தருவி ரோட்டில் வீடு எடுத்து எங்களையும் கூப்பிட்டது. நான் மறுக்க வாயெடுப்பதற்குள் நீங்கள் என் முகம் பார்த்துப் பேசினீர்கள்.

"ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. பிள்ளை இங்கன இருக்கட்டும். நீ வீட்ல இருக்க வரைக்கும் அவ உன்னையத்தான் தேடுவா. வேலைக்குப் போற அன்னைக்குப் போட்டு அழவிடுததுக்குப் பதிலா, இப்பமே பாத்துருவோம். நாளைக்குச் சாயங்காலம் வா. நடுவுல எட்டிப் பாத்தேன்னா எல்லாம் பழையபடி ஆயிரும்."

அன்று காலையே கிளம்பினோம். நம் குத்துக்கல்வலசையிலிருந்து குற்றாலம் ஆட்டோவில் இருபது நிமிடம். அவ்வளவு பக்கத்தில் ஒரு ஊருக்குப் போய் அவ்வளவு தூரத்தில் இருந்ததாக வேறெப்போதும் நான் உணர்ந்ததில்லை.

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. உங்கள் தம்பி மனைவி, எங்கள் சித்தி, தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, எல்லாரும் அருவியப் பாக்காவ, நீ போனப் பாத்துக்கிட்டு நிக்கே. பால்குடிப் பிள்ளைய ஒரு ஆம்பளகிட்ட விட்டுட்டு வந்தா அப்படித்தான் இருக்கும். அவுகளுக்குப் பேப்பர் படிக்கத் தெரியும், பிள்ளை வளக்கத் தெரியுமா?"

"அவரையும் மாமாதான் வளத்தாங்கன்னு சொல்லுதாங்க சித்தி" என்று உங்கள் மகனைக் காட்டினேன்.

"அதான் இப்படி இருக்கான்" என்றார் சித்தி. எல்லோரும் சிரித்தார்கள், உங்கள் மகனும்தான்.

காலை பத்து மணிக்கு நீங்கள் போனில் பேசினீர்கள். "இன்னும் குடிக்கல. பாப்போம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு பன்னிரண்டு வரை ஐந்து முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. புளியறைப் பக்கம் சாப்பிடப் போகலாம் என்று எல்லோரும் கிளம்பியபோது தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவர்கள் கார் மறைந்ததும் ஆட்டோ பிடித்தேன். மார்பு கல்லாகக் கனத்து ரவிக்கை நனைந்திருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொள்வது, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவது. வழி நெடுக இந்த இரண்டைத்தான் நினைத்தேன்.

நம் தெரு முனையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஏனென்றால் எதிரே நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள்.

ஒரு கையில் குடை. வேட்டிக்கு மேலே, தோளிலிருந்து இடுப்பு வரை சுற்றி முடிந்த என் காப்பித்தூள் சேலை. முந்தின நாள் முழுக்க நான் உடுத்தியிருந்து, துவைக்கப் போட்டிருந்தது. அதற்குள்ளிருந்து பாப்பாவின் ஒரு கால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. என் துணி கிடந்த கொடிப்பக்கம் வராத நீங்கள், பட்டப்பகலில், தெரு நடுவே.

தேய்ப்புக் கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். "என்ன அண்ணாச்சி இது கோலம்? சேலை கட்டியாச்சு, இனி பூ ஒண்ணுதான் பாக்கி."

"இவ கேட்டா அதையும் வெச்சுக்கிடுதேம்லே" என்றீர்கள். "சத்தம் போடாத, இப்பந்தான் உறங்குதா. அவ அம்மை வாசம் இருந்தாத்தான் வாயத் தொறக்கா. முழுப் பாலாடையும் குடிச்சிட்டா, தெரியுமா? ரெண்டு தடவை."

அந்த 'ரெண்டு தடவை'யைச் சொல்லும்போது உங்கள் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"எறங்கலியாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்ல அண்ணாச்சி. திருப்புங்க. பாத்தாச்சு."

இதுதான் நான் உங்களிடம் சொல்லாதது மாமா. சொன்ன பேச்சை மீறி வந்தேன். பிறகு, என் பிள்ளையிடமிருந்து இருபதடி தூரத்தில், திரும்பிப் போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் அது ஒன்று. இன்றும் அதை நினைத்தால் முதுகு நிமிர்கிறது.

அன்று சாயங்காலம் ஐந்தருவியில் மூச்சு முட்டும்வரை நின்றேன். "இப்பம் என்னட்டி, தலைவலி போயிட்டா?" என்றார் சித்தி. உங்களைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் சித்தி சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு உங்களைக் கொடுக்க மனமில்லை. "போயிட்டு சித்தி" என்றேன்.

மறுநாள் நாங்கள் வந்தபோது நீங்கள் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "குடிச்சா. ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றீர்கள், மகனிடம். சேலையைக் காணவில்லை. மருமகள் கையில் அவள் சேலையை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியவில்லை. எப்படிக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. "காத்துல போயிருக்கும்" என்றேன், உங்கள் காதில் விழும்படி. "ஆமா, காத்து பலமாத்தான் இருக்கு" என்றீர்கள். நீங்கள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய்.

பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். அதன்பின் எத்தனையோ மாதம், நான் படியிறங்கியதும் அந்தச் சேலை வெளியே வந்திருக்கும். மூன்று மணிக்கு நான் வருமுன் பீரோவுக்குள் போயிருக்கும். இன்று அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நான்தான் பொறுப்பு.

வேட்டிகளைப் பையில் அடுக்கும்போது பாப்பா வந்தாள். ஒன்றாம் வகுப்பு போகிறாள்; எல்லாவற்றுக்கும் கேள்வி.

"இது யாரு சேலைம்மா?"

"உங்க தாத்தா சேலை."

"பொய் சொல்லுத. தாத்தா சேலை கட்டுவாங்களாக்கும்?"

"கட்டினாங்க. நம்ம தெருவுல. நான் பாத்தேன்" என்றேன். மடிப்புக் கலையாமல் அதை என் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு தெரு முனைக்குப் போனேன், இடத்தைக் காட்ட.