மேலே மரங்கள் இடுப்பளவுதான், மச்சான்

என் ஆசை மச்சான் வேலாயுதத்துக்கு,

ஒரு சேதி சொல்கிறேன், கேள். நம் ரப்பர்த் தோட்டத்துக்குப் பின்னால் நிற்கிற மலையின் உச்சிக்கு நான் போய்விட்டு வந்துவிட்டேன். ஆமாம், முழங்கால் வலி முத்தையன்தான். இதை எழுதுவதும் நானேதான். இந்த வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் படித்துவிட்டேன். மெதுவாகத்தான் எழுத வரும். உனக்கென்ன, இப்போது அவசரமா?

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். சிரித்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே படித்துக் காட்டுவேன்.

மலையை அளக்க வந்த துரைக்கு மூட்டை சுமந்து நீ அங்கே போனாய். திரும்பி வந்து என்ன சொன்னாய்? "மேல போகப் போக மரமெல்லாம் குட்டையாயிடுது மச்சான். உச்சியில இடுப்பு ஒசரந்தான். ஒரு செடி குவளை மாதிரி தண்ணி பிடிச்சு, மூடியும் போட்டு வச்சிருக்கு." அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு. உனக்கு 'மூடி வேலாயுதம்' என்று பெயர் வைத்தார்கள். காய்ச்சலில் நீ போன பிறகும் அது ஓயவில்லை. கிணற்றடிக்குப் போனால், "குடத்துக்கு மூடி போட்டாச்சா?" என்று உன் பெண்சாதியைக் கேட்கிறார்கள். என் தங்கை அஞ்சலை பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். பொய்யே பேசாத மனுஷன் புளுகன் என்ற பெயரோடா போக வேண்டும்?

சிரித்தவர்களில் முதல் ஆள் ரெங்கன். என் பக்கத்து நிரையில் பால் வெட்டுகிறவன். அவனையே கூப்பிட்டேன்.

"ஏறிப் பாத்துடலாம் வாடா. பொய்யின்னா நானும் ஒன்கூடச் சிரிக்கிறேன்."

"சரிண்ணே, வாரேன். ஒங்களைத் தூக்கிட்டு வர ஒரு ஆளு வேணும்ல?"

உச்சிக்குப் போய்வர முழு நாள் வேண்டும். நமக்கு முழு நாள் எப்போது கிடைக்கும்? மரப்பட்டை நனைந்து, பால்வெட்டு இல்லை என்று கங்காணி சொன்னால்தானே? வெயில் நாளில் நமக்கு வேலை, மழை நாளில்தான் மலை. அப்படி ஒரு நாள் விடியும்போதே கொட்டியது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், அன்றைய கூலி போச்சே என்று எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். எனக்கு மட்டும் தீபாவளி.

பிரம்பு வெட்டுகிறவர்கள் போகும் தடத்தில் ஏறினோம். அது முடிந்த பிறகு ரெங்கன் மரத்துக்கு மரம் பால்கத்தியால் ஒரு கோடு கீறிக்கொண்டே வந்தான், திரும்பி வர அடையாளத்துக்கு. மழை கழுத்து வழியாக இறங்கி இடுப்பு வேட்டியை நனைத்தது. காலெல்லாம் அட்டை. மேலே காற்று வேறு பிடித்துத் தள்ளியது.

மலை முதுகில் ரெங்கன் உட்கார்ந்துவிட்டான். "போதும்ணே, ஒன்னுமே தெரியல. போலாம்."

"மூடியப் பாக்காம நான் வரமாட்டேன். நீ போ. கெழவனை மலையில விட்டுட்டு வந்தேன்னு பெரட்டுல நின்னு சொல்லு."

திட்டிக்கொண்டே எழுந்து வந்தான்.

பிறகு பார்த்தேன், மச்சான். மரங்கள் முதலில் தலையளவு, அப்புறம் தோளளவு. எல்லாம் கிழட்டு மரங்கள், முறுக்கிக்கொண்டு, கம்பளி போர்த்தியதுபோல் பாசியோடு. உச்சியில் என் இடுப்புக்கு வந்தன. சுற்றிலும் வெள்ளை மஞ்சு. கீழே காம்பார் பட்டணம் தெரியவில்லை, ஈப்போ தெரியவில்லை. தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? நான் பார்க்க வந்தது என் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதன் காலடியில் உன் குவளைகள், இலை நுனியில் தொங்கிக்கொண்டு, மூடியோடு! ரெங்கன் குனிந்து ஒன்றின் உள்ளே பார்த்தான்.

"தண்ணிதான்ணே... பூச்சி செத்துக் கெடக்கு." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இதை நான் போய்ச் சொன்னா என்னையுந்தானே சிரிப்பானுங்க?"

"சிரிக்கத்தான் செய்வானுங்க," என்றேன்.

இறங்கும்போதுதான் வினை. ஒரு மரத்திலும் கோட்டைக் காணோம். "தடம் மாறிட்டோம்ணே! செத்தோம்!" என்று ரெங்கன் அலறினான். நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன். கோடு அந்தப் பக்கம் இருந்தது! பால் வெட்டுகிறவன் எதிரே நிற்கிற பட்டையில்தானே கத்தி வைப்பான்? ஏறும்போது எதிரே இருந்தது, இறங்கும்போது முதுகுப் பக்கம். அப்புறம் கொஞ்சம் இறங்குவோம், திரும்பிப் பார்ப்போம். கோடு தெரிந்தால் மறுபடி இறங்குவோம். மாமியார் வீட்டிலிருந்து புறப்படுகிற புது மாப்பிள்ளைபோல் திரும்பித் திரும்பிப் பார்த்தே லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் பெரட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. உன் மச்சான் நான் சொன்னால் எவன் நம்புவான்? ரெங்கனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் தரையைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான், கடைசியில் சத்தமாகச் சொல்லிவிட்டான்.

"வேலாயுதண்ணன் சொன்னது நெசம். மரம் இடுப்பளவுதான். மூடியும் இருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

ஒரே சிரிப்பு. "இவனும் மூடி போட ஆரம்பிச்சிட்டான்டா!"

ரெங்கனுக்கு மூக்கு சிவந்தது. "அடுத்த மழைக்கு வாங்கடா எல்லாரும்! வந்து பாத்துட்டுச் சிரிங்கடா!" ஏழெட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மச்சான். இப்போது உனக்காகச் சண்டை போடுகிறவன் அவன்தான்.

சாயங்காலம் அஞ்சலை என் வாசலுக்கு வந்தாள். "எம்புட்டு ஒசரம்ணே?" என்று மட்டும் கேட்டாள். நான் இடுப்பில் கை வைத்துக் காட்டினேன். அவளும் தன் இடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையை எடுக்காமலே, "என்னையும் கூட்டிட்டுப் போ," என்றாள்.

கூட்டிப்போவேன். எத்தனை மழை ஆனாலும், என் முழங்கால் என்ன சொன்னாலும், உன் மரத்தின் பக்கத்தில் அவளை நிறுத்திக் காட்டாமல் விடமாட்டேன். இது நான் என் கையால் எழுதிக் கொடுக்கும் வாக்கு.

உன் அஞ்சலைக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
முத்தையன்