இருபத்து மூன்றாவது நகர்வு

இன்று காலை கைபேசி பழுது பார்க்கும் கடையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இருந்தபோது சொல்லாத ஒன்றை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

நீ கடம்பூரில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாய். நான் கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். ஆளுக்கொரு செஸ் புரோகிராம் எழுதி, எது கெட்டிக்காரன் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனிலேயே மோதவிட்டோம். என் கம்ப்யூட்டர் போடும் நகர்வை நான் சொல்ல, நீ அதை உன்னுடையதில் தட்டுவாய்; அது போடும் பதிலை நான் தட்டுவேன். ஒவ்வொன்றையும் நீ ஒரு தாளில் குறித்து வைத்தாய்.

இருபத்து மூன்றாவது நகர்வில் என் புரோகிராம் ராணியைக் கொண்டுபோய் உன் குதிரைக்குப் பலி கொடுக்கப் பார்த்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அதை அழித்துவிட்டு நானே யானையை நகர்த்தி, அதையே உனக்குச் சொன்னேன். ஜெயித்தும்விட்டேன்.

என் சென்டர் பக்கத்து டீக்கடையில் எல்லாரும், இவன் ஏதோ கைவரிசை காட்டியிருக்கிறான் என்று கேலி செய்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதைக் கேள்விப்பட்டுக் கோபம் வந்தது உனக்குத்தான். அடுத்த ஞாயிறு, உன் கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய். நீயே பற்றவைத்த கேபிள் ஒன்றும் கையில் இருந்தது.

"இனி ரெண்டும் நேராப் பேசிக்கிடட்டும்ல. உன் கையக் குத்தம் சொல்ல எவனுக்கும் வழியில்ல" என்றாய்.

செருகினோம். ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் வரை மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு நீ சிரித்தாய். அனுப்பும் கம்பியை அனுப்பும் கம்பியோடும், வாங்கும் கம்பியை வாங்கும் கம்பியோடும் இணைத்திருந்தாய். இரண்டும் பேசின, இரண்டின் காதிலும் ஒன்றும் விழவில்லை. அறுத்து, மாற்றிப் பற்றவைத்தாய். அறை முழுக்கப் புகை.

என் திரையில் ஒரு சிப்பாய் நகர்ந்தது. உன் திரையிலும் அதே சிப்பாய் நகர்ந்தது. சற்று யோசித்து உன்னுடையது பதில் போட்டது. யார் விரலும் படவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நீ சாமி சன்னதியில் நிற்பவனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாய்.

பிறகு சந்தேகம் வந்து அந்தத் தாளை எடுத்து விரல் வைத்துப் பார்த்தாய். "ஏலே, போன வாரம் ஆடுன அதே ஆட்டம்லா இது!"

ஒரே நிலைக்கு ஒரே நகர்வைத்தான் அவை போடும் என்பது, எழுதிய எனக்கே அதுவரை உறைக்கவில்லை. இருபத்து மூன்றாவதில் என் ராணி தானாகப் போய் உன் குதிரையிடம் மாட்டியது. உன் விரல் தாளில் யானை என்று குறித்திருந்த இடத்தில் நின்றது.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். ஆட்டம் முடிந்ததும், உன் புரோகிராம் ஜெயித்ததைக்கூடப் பெரிதாகச் சொல்லாமல், டீக்கடைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னாய்:

"இவன் கையில ஒரு குத்தமும் இல்ல. நான் பாத்துட்டேன்."

அந்தக் கேபிள் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதைப் பார்த்த பிரமிப்பு கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. நீ அந்தத் தாளை மடித்தாயே, அது மட்டும் இன்றுவரை அடங்கவில்லை. உனக்குத் தெரியும்தான். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும்: யானையை நகர்த்தியது நான்தான்.