முந்நூறு பெண்களை அனுப்ப மறுத்த ஊர்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

மூத்தவள் எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாதே, அதனால் இது.

என்னை மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள் அப்பா! காது கேட்கும் கருவி செய்யும் வரிசையில் நாற்பது பேர் என் பொறுப்பு. ஷிப்ட் முடிந்தால் தொழிற்சாலை வாசலில் பதினேழு பஸ் நிற்கிறது. சாப்பாட்டுக் கடை, தையல் கடை, வாடகை வீடு எல்லாம் தொழிற்சாலை வந்த பிறகு இரண்டே வருஷத்தில் முளைத்தவை.

நேற்று மேனேஜர் பேச்சுவாக்கில் சொன்னார்: "இந்தத் தொழிற்சாலைய முதல்ல வேற ஊர்லதாம்மா கட்டுறதா இருந்துச்சு. முந்நூறு பொண்ணுங்க வேணும்னோம். அனுப்ப மாட்டோம்னு மனு எழுதி ஊரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க."

எந்த ஊர் என்று கேட்டேன். நம் ஊர். முதல் கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உங்கள் மகள்

மார்ச் 15

அன்பு மகளுக்கு,

குத்திக் காட்டத்தானே எழுதினாய்? காட்டிக்கொள். கம்பெனிக்காரர்கள் அளந்து கல் நட்ட இடத்தில் இன்று முள்தான் இருக்கிறது. நேற்று நான் ஓட்டும் மினிபஸ்ஸில் நாலே பேர். பையன்களும் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். டீக்கடைக்காரர் கடையைக் காலி செய்யும்போது, "பொண்ணுங்க வீட்ல இருந்தாத்தான் ஊர் நல்லாருக்கும்னு நீதானப்பா சொன்னே" என்றார்.

மேற்பார்வையாளருக்குத் தனி மேசை தருவார்களா? அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா

மார்ச் 21

அன்புள்ள அப்பா,

மேசை உண்டு. கேட்டது அம்மாவா, நீங்களா?

இன்னும் அறுபது பெண்களை எடுக்கிறார்கள். எட்டாவது போதும், வயது நாற்பத்தைந்து வரை, விடுதியும் உண்டு. இந்தக் கடிதத்தோடு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். தங்கைக்கு மட்டும் வேண்டாம். அவள் காலேஜுக்குப் போகட்டும்.

மகள்

ஏப்ரல் 2

என் கண்ணுக்கு,

நான் படித்து முடிப்பதற்குள் உன் அம்மா விண்ணப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "இத்தன வருஷமா நீங்க கேக்கல, நானும் சொல்லல. எனக்குப் போகணுங்க" என்றாள். மறுநாள் மற்ற பெண்களுக்கும் நகல் எடுத்து வரச் சொன்னாள். மனுவில் கையெழுத்துப் போட்ட வீடுகளிலிருந்தே பதினொரு பெண்கள் வரத் தயாராகிவிட்டார்கள். ஊரில் வேறு பேச்சே இல்லை. சின்னவளுக்குக் காலேஜ் விண்ணப்பமும் வாங்கியாயிற்று.

திங்கட்கிழமை காலை எல்லோரையும் என் மினிபஸ்ஸில் நானே கூட்டி வருகிறேன். நீ வாசலில் நில். நான் இறங்க மாட்டேன், அத்தனை பேர் முன்னால் எனக்குக் கூச்சம். நீ ஏறி வந்து என் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து போ.

உன் அப்பா