கரையோரம் எழுந்த கைகள்

நாவற்குடா
12.12.2000

அன்பு மகள் புஸ்பத்துக்கு,

மாமாங்கேசுவரர் கிருபையால் நானும் தம்பியும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. படிப்பைப் பாதியில் விட்டு, சண்டைக்குள் கிடக்கிற எங்களோடு வந்து இருக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு மறுமொழி கடைசியில் சொல்கிறேன், முதலில் போன கிழமை நடந்ததைக் கேள்.

தம்பி பாக்கியராசா விடிய இறாலுக்கு வாவியில் இறங்கினான், காத்தான்குடி முத்தலிப் காக்காவும் தன் தோணியில் போனார். பெரிய மழை கொட்டி ஓய்ந்த பிறகும் வாவிமேல் பனிப்புகார் விலகவில்லை, கரை மட்டும்தான் தெரிந்தது. வழி தப்பி ஆமி முகாம் பக்கம் ஒதுங்கினால் யாரென்று கேளாமலே சுடுவார்கள். தோணியில் போன இரண்டு பேரும் கூவுவது கேட்டது, எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. நாங்கள் கரையில் ஒரே இடத்தில் நின்று கத்திக் குழறினோம். அடுத்த வீட்டுச் சின்னத்தங்கம் மாமிதான் அதட்டினார், கும்பலா நிண்டு குழறினா ஒண்டும் விளங்காதுகா, தள்ளித் தள்ளி நில்லுங்க, சத்தம் காதில விழுந்த உடனே கையத் தூக்குங்க என்று. என்னை வடக்குக் கோடியில், மீன் வாடிக்கும் அப்பால் தனியாக நிறுத்தினார். பெற்றவளைத் துரத்துகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு பார்த்தால் மகள், கிட்ட நின்றவருக்கு முந்தியும் எட்ட நின்றவருக்குப் பிந்தியும் சத்தம் கேட்க, ஒரு கூவலுக்குக் கைகள் தெற்கிலிருந்து வடக்கே ஓடி எழுந்தன, மற்றதற்கு வடக்கிலிருந்து தெற்கே. ஒருவரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, தோணிகள் கிடந்த இரண்டு திசையும் விளங்கிவிட்டது. தெற்கே கேட்டது தம்பியின் குரல், என் பிள்ளையின் குரல் எனக்குத்தான் எல்லோருக்கும் பிந்திக் கேட்டது. வினாயகமூர்த்தி அண்ணன் தன் தோணியில் போய் முகாம் வேலிக்குக் கிட்டே வைத்து அவனைப் பிடித்து வந்தார், பிறகு முத்தலிப் காக்காவையும்.

அன்று பின்னேரம் உன் பழைய கடிதத்தை எடுத்து வாசித்தேன். நீங்கள் செய்யும் ரேடார், வானத்தில் சுற்றுகிற செய்மதியிலிருந்து அலை அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியைப் பல சின்ன அன்ரனாக்களால் தனித்தனியே கேட்டு வைக்கும், எதற்கு முந்தி எதற்குப் பிந்தி என்று கம்பியூட்டர் பிறகு கூட்டிப் பார்க்கும், அன்ரனாவைத் திருப்பாமலே ஒரே நேரத்தில் பல பக்கம் பார்த்து, மேகத்தையும் இருட்டையும் ஊடுருவி அகலமான நிலத்தையே துல்லியமாகப் படம் எடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். அப்போது தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. இப்போது விளங்கினதும் மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஒரு வாவிக்கே இத்தனை பேர் மூச்சைப் பிடித்து நின்றோம், கண் இமைக்கிற நேரத்தையே ஆயிரமாயிரமாக நறுக்கி அந்த மெஷின் எப்படித்தான் பார்க்குமோ! நினைக்க நினைக்கக் கும்பிடத் தோன்றுகிறது. குண்டு போடுகிறவர்கள் கையில் மட்டும் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி மறுமொழி. நீ வரவேண்டாம். உன்னை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டேனே என்று இத்தனை வருடம் அழுதவள்தான் சொல்கிறேன். பிந்தி எழுந்த என் கையைப் பார்த்துத்தான் திசை சரியாகப் பிடிபட்டது என்று மாமி சொன்னார். நான் பொறுக்காமல் ஓடிப்போய் மற்றவர்களோடு நின்றிருந்தால் தம்பி இன்றைக்கு இல்லை.

கடவுள் உன்னைக் காப்பார். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. நின்ற இடத்திலேயே நில், மகள்.

உன் குரல் பிந்திக் கேட்டாலும் கை தூக்குகிற
அம்மா,
இலட்சுமிப்பிள்ளை